கத்தியின் முதுகு

லாரி தியாகதுருகத்தில் டீக்கு நின்றது. மேலே தார்ப்பாய் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்த நீள உருவத்தைப் பார்த்துவிட்டு, கடை வாசலில் நின்ற ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“யாருங்க, நம்ம பக்கத்து ஆளா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“படகுங்க,” என்றேன்.

“படகா? கள்ளக்குறிச்சிக்கா?”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். துண்டை மறுபடி கட்டாமலே உள்ளே போய்விட்டார்.

டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பொணம்னே சொல்லியிருக்கலாம் நீ. டீக்குக் காசு வாங்கியிருக்க மாட்டான்.”

சென்னைக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போய்விட்டுக் காலியாகத் திரும்பிய லாரி அது. படகு பதினான்கு அடி நீளம். வெள்ளை ஃபைபர் உடம்பு. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பந்தயத்துக்கென்று செய்த பாய்ப்படகு. மோட்டார் கிடையாது, துடுப்பு கிடையாது. பாயும், பின்னால் ஒரு சுக்கானும்தான். சுக்கான் என்பது படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை. அதைத் திருப்பினால் படகு திரும்பும்.

அது என் படகு இல்லை. ஒருவர் ஓட்டி, ஒரு பந்தயத்தில் கவிழ்ந்து, பிறகு தொடவே தொடாமல் விட்டுவிட்ட படகு. அவரைக் கவிழ்த்தது அவர் கையா, நான் செய்த வேலையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அதை ஊருக்குக் கொண்டுவந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அப்பா அம்மா இருவரும் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டினார்கள். நானும் வெட்டினேன். அவர்கள் போன பிறகு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். கேரளாவில் கல் சுமந்தேன். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் உப்புத்தாள் தேய்த்தேன். சாமிக்கு மூக்கு செதுக்குவது அவர்கள் வேலை. அந்த மூக்கை வழவழப்பாக்குவது என் வேலை. எந்த வேலையிலும் பெரிய குறை இல்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் அந்த ஊர் போதும் என்று இருக்கும். கிளம்பிவிடுவேன்.

உப்புத்தாள் தேய்க்கத் தெரியும் என்பதால்தான் சென்னையில் வேலை கிடைத்தது. கடலோரம் பாய்ப்படகுக்காரர்களின் சங்கம் ஒன்று. அதன் பின்னால் தகரக் கொட்டகை. உடைந்த படகுகளுக்கு ஃபைபர் ஒட்டித் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் நின்றேன்.

சுக்கானைப் பற்றி அங்கே கொஞ்சம் கற்றேன். புத்தகத்தில் இல்லை. படகுக்காரர்கள் வந்து புலம்புவதைக் கேட்டுக் கேட்டு. “கை ரொம்ப கனமா இருக்கு,” என்பார் ஒருவர். பலகை பின்னால் சாய்ந்து நின்றால் அப்படி இருக்கும். கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தினால் இலகுவாகும். ரொம்பத் தள்ளிவிட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. படகு எப்போது வழுக்கப்போகிறது என்று கைக்குச் சேதி வராது. இன்னொருவர், “திருப்புறேன், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேக்குது,” என்பார். அது சுக்கானைப் படகில் மாட்டும் கீல் ஊசி தேய்ந்து ஆடுவது. சுக்கானை நீளமாகக் குறுகலாகச் செய்தால் நல்ல பிடி. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் தட்டும், வேரோடு முறியும். படகு மெதுவாகப் போகும்போது சுக்கான் எப்படி இருந்தாலும் ஓடிவிடும். வேகமெடுத்துத் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போகும்போதுதான் அந்த ஒன்றரை அடி அகலம்கூட இல்லாத பலகை, ஆளைக் காப்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும். இதெல்லாம் தெரியும். கை என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் என்ன செய்கிறது என்பது தெரியாது. அதுதான் பிறகு வினையானது.

சங்கத்தின் கேட் வாட்ச்மேனுக்கு ஒரு மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அக்கா என்று கூப்பிடுவேன். சிறுவயதிலிருந்து அந்த வாசலில் வளர்ந்ததால் படகோட்டப் பழகியிருந்தார். யாரோ வேண்டாம் என்று விட்ட படகை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே வருகிறவர்களில் என்னிடம் “துன்னியா?” என்று கேட்கிற ஒரே ஆள் அவர். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கேட்கத் தோன்றாது.

அந்த வருடப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அக்காவுக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை. அடுத்த வருடம் அவருக்கு வயது தாண்டிவிடும். அதனால் அது கடைசி வாய்ப்பு. வாட்ச்மேன் யாரிடமும் அதைப் பற்றிப் பேசமாட்டார். பேசினால் கண்பட்டுவிடும் என்று பயம்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, படகைச் சரிவில் இறக்கும்போது சுக்கானின் முன்விளிம்பு சிமெண்டில் இடித்துச் சில்லு பெயர்ந்தது. கொண்டுவந்து கொடுத்தார். அந்த வகைப் படகில் சுக்கானை நாமே செய்துகொள்ளலாம். நீளத்துக்கும் எடைக்கும் மட்டும்தான் விதி. எபாக்சி பிசின் வைத்து அடைத்தேன். அது இறுகியதும் தேய்க்க உட்கார்ந்தேன். பழைய விளிம்பு மொண்ணையாக, உருண்டையாக இருந்தது. இவ்வளவு நாளும் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

கரும்பு வெட்டுகிற வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே தெரியும். மொண்ணைக் கத்தி ஆளைக் கொல்லும். காலையில் தீட்டாமல் வயலில் இறங்கினால் மதியத்துக்குள் தோள் விட்டுப்போகும். ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் அவர் கத்தியை வாங்கித் தீட்டிக் கொடுப்போம். எங்களுக்குள் அதற்கு மேல் மரியாதை கிடையாது. சுக்கான் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகிறது. அப்படியானால் முன்விளிம்பு கூராக இருக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. இரண்டு பக்கமும் சரித்துத் தேய்த்து, மேலிருந்து கீழ்வரை கத்தி வாய் மாதிரி எடுத்தேன். ஒரு பகல் முழுக்க அதைத்தான் செய்தேன். நான் அதுவரை செய்த வேலைகளில் அவ்வளவு சுத்தமான வேலை இல்லை.

அக்கா விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இன்னாடா இது, வஞ்சிரம் வெட்டவா?”

“தண்ணிய வெட்டக்கா.”

சிரித்தார். அன்று மாலை லேசான காற்றில் ஒரு சுற்றுப் போய்வந்து, “வெண்ணெ மாதிரி போவுது,” என்றார். நேராகப் போகும்போது அது நன்றாகத்தான் போகும்.

பந்தயத்தின் கடைசி நாள் காற்று ஏறியது. நான் காவலுக்குப் போகும் மோட்டார் படகில் கயிறு பிடிக்கிற ஆளாக இருந்தேன். அக்கா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். காற்றுக்கு முதுகு காட்டி ஓட வேண்டிய பகுதி. பின்னாலிருந்து ஓர் அலை படகின் வாலைத் தூக்கியது. படகு சாய்ந்தது. அக்கா சுக்கான் பிடியை இழுத்தார். நான் பார்த்தேன், முழுக்க இழுத்தார். படகு கேட்கவில்லை. தன் இஷ்டத்துக்குக் காற்றை நோக்கிச் சுழன்று படுத்தது. சுக்கானுக்குப் பின்னால் பால் பொங்குவது போல வெள்ளை நுரை. நிமிர்த்தி ஏறினார். மறுபடி அதே மாதிரி. மூன்றாவது முறையும் அதே மாதிரி. மொத்தத்தில் நான்காவது இடம்.

கரைக்கு வந்து சுக்கான் பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை செத்துப்போச்சுடா. காத்து ஏறுனா பயப்படுது,” என்றார். அங்கே என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நுரையைப் பார்த்ததும் நான் தீட்டிய விளிம்புதான் ஞாபகம் வந்தது. ஆனால் அது சந்தேகம்தான். சந்தேகத்தைச் சொல்லி, கொட்டகை வேலையும் படுக்கிற இடமும் போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. அக்கா அதற்குப் பிறகு தண்ணீர் பக்கம் வரவில்லை. ஒரு துணிக்கடையில் பில் போடப் போய்விட்டார். அவருடைய படகு கொட்டகையின் மூலையில் ஆறு வருடம் கிடந்தது. நான் தினமும் அதன் பக்கத்தில் படுத்தேன். ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் தங்காதவன் அங்கே அத்தனை நாள் இருந்ததற்கு வேறு காரணம் இல்லை.

பிறகு கொட்டகையைக் காலி செய்தார்கள். பழைய படகுகளை ரம்பம் போட்டு அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் கேட்டேன். “எடுத்துக்கினு போய்யா. கண்ணுல படாம இருந்தா போதும்னு பொண்ணு சொல்லிக்கினு கீது,” என்றார். அப்படித்தான் அது லாரி ஏறியது.

கோமுகி அணைக்குப் பின்னால் கல்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கும். ஐப்பசி மழையில் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் சேர்ந்து, கார்த்திகையில் அணை நிறையும். வாடைக்காற்று சமவெளியைத் தாண்டி வந்து மலையில் முட்டி, நினைத்த பக்கம் திரும்பும். படகு பழக அது மோசமான இடம். சோதித்துப் பார்க்க நல்ல இடம். கச்சிராயபாளையத்தில் ஓட்டு அறை ஒன்று எடுத்தேன். அணையில் காவலுக்கு இருந்தவர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “வேற ஆளு யாரையும் ஏத்தாத. செத்தா நீ மட்டும் சாவு.” அது சிரமமான நிபந்தனை இல்லை.

அங்கே பேச்சுத் துணை என்று சொன்னால் பரிசலில் வலை போடுகிற ஒருவர்தான். அவர் தண்ணீரில் இருப்பார், நானும் தண்ணீரில் இருப்பேன். தூரத்திலிருந்து கத்துவார்.

“இன்னா மேஸ்திரி, வேட்டி காயலையா? காத்துல புடிச்சிக்கினே திரியிற?”

நான் கவிழ்ந்தால் பரிசலைத் திருப்பிக்கொண்டு வந்து பார்ப்பார். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும், “எங்க பரிசலப் பாரு. தலையும் இல்ல, வாலும் இல்ல. கவுறவே கவுறாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சில நாள் அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைக்கு என்னிடம் யாரும் பேசியது. ஞாயிற்றுக்கிழமை அணை பார்க்க வருகிறவர்கள் கரையில் நின்று கையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். பிறகு அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். கரை நீளமாகக் கிடக்கும்.

அதே கூர் சுக்கானைப் போட்டு ஓட்டினேன். காற்று லேசாக இருக்கும் வரை வெண்ணெய். மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வீச்சு வந்து படகு சாய்ந்ததும், நான் பிடியை இழுக்க, அது சுழன்று படுக்கும். பின்னால் அதே நுரை. ஆனால் இதை வைத்து என்ன சொல்ல முடியும்? நான் ஓட்டத் தெரியாதவன். என் கையில் படகு விழுந்தால் அது கையின் தப்பாக இருக்கலாம். கீல் ஊசியை இறுக்கினேன். பலகையை ஒரு விரல் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். பின்னால் நிறுத்திப் பார்த்தேன். விழுவது நிற்கவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனது. சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று மார்கழியில் கரும்பு வெட்டப் போனேன்.

வயல் அணையின் வாய்க்காலை ஒட்டி இருந்தது. தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், வேகமாக ஓடியது. மதியம் சோற்றுக்கு முன் கத்தியில் ஒட்டிய கரும்புச் சாற்றைக் கழுவ வாய்க்காலில் இறங்கினேன். கூர்ப்பக்கம் ஓட்டத்தைப் பார்க்கக் கத்தியை முக்கினேன். கையில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் திருப்பினேன். தண்ணீர் அதைப் பிடித்து ஒருபக்கமாக இழுத்தது. சுக்கான் இழுக்கிற அதே இழுப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சட்டென்று இழுப்பு செத்தது. கத்தி நடுங்கியது. அதன் பின்னால் நுரை சுழன்றது.

அக்காவின் படகுக்குப் பின்னால் பொங்கிய அதே நுரை.

பிறகு கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். முதுகு முன்னால், கூர் பின்னால். அது பழைய கத்தி. முதுகு தேய்ந்து உருண்டிருந்தது. மெல்லத் திருப்பினேன். இழுத்தது. முன்பு நடுங்கிய இடம் வந்தது, நடுங்கவில்லை. அதைத் தாண்டியும் திருப்பினேன். இழுப்பு ஏறிக்கொண்டே போனது. கையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் போல இழுத்தது. ரொம்பத் திருப்பிய பிறகுதான் விட்டது.

“கழுவுறியா, மீன் புடிக்கிறியா?” என்று மேலே வரப்பிலிருந்து எங்கள் கூட்டத்து ஆள் ஒருவர் கேட்டார். “சோறு ஆறுது.”

நான் திரும்பத் திரும்ப மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிடவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். சுக்கான் தண்ணீரை வெட்டுவதில்லை. தண்ணீரைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வளைக்கிறது. மூக்கு உருண்டிருந்தால் தண்ணீர் அதைச் சுற்றித் திரும்பி, பலகையின் மறுபக்கத்தோடு ஒட்டியபடி பின்னால் போய்ச் சேரும். அப்படி ஒட்டியிருக்கும் வரைதான் படகுக்குப் பிடி. மூக்கு கூராக இருந்தால், நேராகப் போகும் வரை சரி. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் அந்தக் கூர்முனையைச் சுற்றித் தண்ணீரால் திரும்ப முடியாது. பிய்த்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் சுழியும் காற்றும் புகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் சுக்கான் வெறும் பலகை. எந்த நிமிடத்தில் ஆளுக்கு அது வேண்டுமோ அந்த நிமிடத்தில் கைவிடும். கூர்மை வேண்டியதுதான். ஆனால் பின்னால். முன்னால் இல்லை. நான் அந்தப் பலகையைத் தலைகீழாகத் தீட்டியிருந்தேன்.

புரிந்தது போதாது. செய்து பார்க்க வேண்டும். மலைவேம்புச் சட்டங்கள் வாங்கினேன். எடை இல்லாத மரம். பழைய சிற்பப் பட்டறையில் ஓர் ஓரம் கேட்டு, சட்டங்களை எபாக்சி போட்டு ஒட்டி இழைத்தேன். முன்பக்கம் உருண்டை. முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அதிக தடிமன். அங்கிருந்து பின்னால் இறங்கி இறங்கிக் காசு விளிம்பு அளவுக்கு மெலிவு. அட்டையில் வெட்டிய அச்சை வைத்து இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். பட்டறைக்காரர் வந்து பார்த்து, “எந்த சாமிக்கு இது?” என்றார். நான் அட்டையை மறுபடி வைத்துப் பார்த்தேன்.

தை மாதம் அதைப் படகில் மாட்டினேன். மலை வீச்சு வந்தது. படகு சாய்ந்தது. இழுத்தேன். கேட்டது. அப்படியே நிமிர்ந்து ஓடியது. அதே நாளில் கழற்றிக் கூர் சுக்கானைப் போட்டேன், விழுந்தேன். மறுபடி உருண்டதைப் போட்டேன்; நின்றேன். பத்து நாள் மாற்றி மாற்றி. அதே காற்று, அதே கெட்ட கை. உருண்டதிலும் சில முறை விழுந்தேன், அது என் தப்பு. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குருடனுக்கும் தெரியும்.

பரிசல்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வலையிலிருந்து ஒரு ரோகு மீனை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“இதுக்கு மூஞ்சி கூராவா கீது? வாலுதான சப்பை? இத என்கிட்ட கேட்டிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருப்பேனே.”

“கேக்கத் தோணலைண்ணா.”

“நீ எதத்தான் கேட்ட? அம்மாந்தண்ணியில ஒத்தையா சுத்திக்கினு.”

தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் கஷ்டம். தெரியாமல் இருந்தபோது ஒரு வேலை இருந்தது. இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அரசாங்க வேலை அக்காவுக்குத் திரும்பி வராது. அவர் தன் கைதான் தப்பு என்று ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஆறு வருடம் வாழ்ந்துவிட்டார். அதைக் கலைக்க நான் யார்? இப்படி யோசித்துக்கொண்டு ஒருநாள் காரணமில்லாமல் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி மலைமேல் போனேன். கடுக்காய் மூட்டைகள் ஏற்றிய அடுத்த பஸ்ஸில் இறங்கினேன். வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் டிரைவரின் கையையே பார்த்தேன். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இந்த மலையில் ஓட்ட முடியுமா என்று தோன்றியது. கீழே இறங்கியதும் வாட்ச்மேனுக்குப் போன் அடித்து நம்பர் வாங்கி, அக்காவுக்கு அடித்தேன்.

“அக்கா, நான் கொட்டாயில இருந்தனே…”

“கொரல் தெரியுது. சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, வாய்க்கால், நுரை, இரண்டு சுக்கான். அப்போதே சந்தேகம் இருந்ததையும், பயந்து சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பின்னால் பில் மெஷின் கிறுகிறு என்று காகிதம் தள்ளுகிற சத்தம் கேட்டது. யாரோ “மேடம், பை குடுங்க,” என்றார்கள். பிறகு அக்கா கேட்டார்.

“எந்த பஸ்ல ஏறணும்?”

வாரவிடுமுறை நாளில் வந்தார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி நின்றவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உட்கார்ந்தே வேலை செய்து உடம்பு போட்டிருந்தது. கச்சிராயபாளையம் டவுன் பஸ் பிடித்தோம். அணைக்கரையில் படகைப் பார்த்ததும், “தொடைச்சாவது வெச்சிருக்கலாம்ல,” என்றார். பிறகு இரண்டு சுக்கானையும் மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். குனிந்து இரண்டின் விளிம்பிலும் விரலை ஓட்டினார்.

“அத மாட்டு,” என்றார். கூர் சுக்கானைக் காட்டினார்.

“அக்கா, காத்து ஜாஸ்தியா இருக்குது. மொதல்ல இது…”

“அத மாட்டுடா.”

காவல்காரர் போட்ட நிபந்தனையை அன்று மீறினேன். அவர் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழகிய கை மறக்காது என்பார்கள். பாய் விரிந்த விதத்திலேயே தெரிந்தது. நான் இரண்டு மாதம் தடவித் தடவிப் போன தண்ணீரில், உடம்பை வெளியே சாய்த்து ஒரே வீச்சில் நடு அணைக்குப் போனார். மலைப்பக்கம் தண்ணீர் கறுத்து ஒரு வீச்சு வந்தது. படகு சாய்ந்தது. அவர் கை இழுப்பது கரையிலிருந்தே தெரிந்தது. படகு சுழன்று படுத்தது.

பரிசல்காரர் பரிசலைத் திருப்பினார். அதற்குள் அக்கா படகை நிமிர்த்தி ஏறிவிட்டார். கரைக்கு வரவில்லை. அடுத்த வீச்சுக்குக் காத்திருந்து, வேண்டுமென்றே போய் அதில் நுழைந்தார். மறுபடி விழுந்தார். மூன்றாவது முறையும் விழுந்த பிறகுதான் திரும்பினார். மூச்சு வாங்கியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இதேதான்,” என்றார். “புடிச்சிக்கினே கீது, புடிச்சிக்கினே கீது, அப்பறம் இல்ல.”

உருண்ட சுக்கானை மாட்டினேன். ஈரத்தில் வழுக்கிய கீல் ஊசி துளையில் நுழைய நேரமானது. அவர் காத்திருந்தார்.

இந்த முறை வீச்சு வந்தபோது படகு சாய்ந்தது, நிமிர்ந்தது, தண்ணீருக்கு மேலே எழும்பி மலையைப் பார்த்து ஓடியது. எதிர்க்கரை வரை போனார். மரங்களுக்குக் கீழே பாய் சின்ன வெள்ளைத் துணுக்கு மாதிரி தெரிந்தது. திரும்பி வந்தார், கரையைத் தொடாமல் மறுபடி போனார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலம் ஆறிப்போனது. ஒருமுறை கரைக்குப் பக்கத்தில் கடந்தபோது பார்த்தேன். அவர் பாயைப் பார்க்கவில்லை, அலையைப் பார்க்கவில்லை. சுக்கான் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு போனார்.

காற்று அடங்கிய பிறகுதான் இறங்கினார். கரையில் உட்கார்ந்து இட்லியைத் தின்றார். பாதி தின்ற பிறகு கேட்டார்.

“என் கை நல்லாத்தான் இருந்துது, இல்ல?”

“நல்லாத்தான் இருந்துதுக்கா.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பேன்.”

“இப்ப?”

“இப்ப கை சட்னியா கீது.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மீதி இட்லியை என் பக்கம் தள்ளினார். “துன்னியா நீ?” என்றார்.

கிளம்பும்போது உருண்ட சுக்கானைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அக்கா, அது படகோட சுக்கான்.”

“படகும் என்னுதுதான். அத நீ வெச்சிக்க. இது எனக்கு.”

எதற்கு என்று கேட்கவில்லை. சென்னையில் யாருடைய படகிலாவது மாட்டுவாரா, வீட்டில் சும்மா வைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. சென்னை பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்து, “இன்னாம்மா இது, கல்யாண வூட்டு தோசைத் திருப்பியா?” என்றார். “ஆமா. மடியிலதான் வெச்சுக்கினு வருவேன், உள்ள வுடு,” என்று சொல்லிவிட்டு அக்கா ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

மறுநாள் அணைக்குப் போனேன். படகு இருந்தது. கூர் சுக்கான் மண்ணில் கிடந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த விளிம்பை மழுங்கத் தேய்க்க ஆரம்பித்தேன். எபாக்சி நன்றாக இறுகியிருந்தது. கூராக்க ஒரு பகல்தான் ஆனது. உருட்ட நான்கு நாள் ஆனது.

பரிசல்காரர் மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

“தீட்டுற ஆளத்தான் பாத்திருக்கேன்,” என்றார். “ஒக்காந்து மழுக்குற ஆள இப்பத்தான் பாக்கறேன். அந்தம்மா மறுபடி வருதா?”

“தெரியலைண்ணா.”

“வந்தா?”

நான் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் ஓரிடத்தில் கொஞ்சம் கூர் இருந்தது. அதைத் தேய்த்தேன்.